சனவரி முதல் நாளில் இறந்தவர்கள்

2091-ஆம் ஆண்டு, சனவரி முதல் நாள். கடலுக்குப் போய்த் திரும்பாத கீழவாடித்துறை ஆண்கள் அனைவரும் 1970-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் இறந்தவர்கள் என்று அவ்வூர் நெறியகம் பதிந்து வைத்திருந்தது. அவர்களுள் ஒருவர்கூட அந்த நாளில் பிறந்திருக்கவில்லை. அப்பதிவு பொய் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்திருந்தும், ஆண்டுதோறும் அதே நாளில் ஊர் திரண்டு கடலணைக்கு வந்து அந்தப் பொய்க்குத் திதி கொடுத்தது. தையல்நாயகியின் மனக்குறை இதுதான்; வேறொன்றும் அன்று.

அன்றும் அவள் கடலணையின் படிகளில் நின்றுகொண்டிருந்தாள். அருகில் மகள் நீலாயதாட்சி. கீழ்ப்படியில், ஈர வேட்டியோடு, ஊர்த்தலைவரான நாட்டார் வைரக்கண்ணு குந்தியிருந்தார். திரும்பாதவர்களின் பெயர்களை ஒலிபெருக்கி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். எல்லாருக்கும் சடங்கு செய்யும் கருத்தா அவரே. புரோகிதர்கூட அவர் கையைப் பார்த்துத்தான் மந்திரத்தின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருந்தார்.

"அமிர்தகடேசன்" என்றது ஒலிபெருக்கி.

அது தையல்நாயகியின் கணவர் பெயர். மூன்றாண்டுகளுக்கு முன்பு ஓர் ஐப்பசிக் காலையில் படகெடுத்துச் சென்றவர். அவரும் வரவில்லை, படகும் வரவில்லை, படகின் ஒரு பலகைகூட எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

"நீலா, வாம்மா. அப்பாவுக்கு ஒரு கை எள்ளுத்தண்ணி விடு" என்று நாட்டார் திரும்பிப் பார்த்து அழைத்தார்.

"நான் எந்த முறையில விடறது நாட்டாரே? நான் பொறக்குறதுக்கு நூறு வருசம் முன்னாலயே அவரு செத்துட்டாருன்னு பதிஞ்சிருக்கு. எனக்கும் அவருக்கும் என்ன உறவு?"

"அந்த உறவத்தான் நான் தர்றேங்குறேனே. என் மகளா வந்து விடு."

"உங்க வீட்டுல ஏற்கெனவே அத்தன பிள்ளைங்க. ஒரு நாளைக்கு எல்லாரும் சாப்பிட வந்துட்டா உங்க வீட்டம்மா பாவம்."

கூட்டம் சிரித்தது. நாட்டாரும் சிரித்தார். "பாத்தியா தையலு, உம் பொண்ணு வாய! இத்தன பிள்ளையப் பெத்தவனுக்கு ஒண்ணு ரெண்டு இப்படித்தான் அமையும்" என்று சொல்லிக்கொண்டே, அமிர்தகடேசனுக்கு உரிய எள்ளை அவரே தண்ணீரில் விட்டார்.

சிரிக்கத்தக்கதன்று அது. கடல் ஏறி வந்து பழைய குப்பங்களை விழுங்கிய பிறகு, கீழவாடித்துறையில் படகு கட்டுவதற்கு எஞ்சியது கடலணையின் உட்புறம் மட்டுமே. அங்கே ஒவ்வொரு படகுக்கும் ஒரு துறையிடம். ஒவ்வொரு துறையிடத்துக்கும் ஒரு கதவு. உரியவர் உள்ளங்கையை வைத்தால் கதவு திறக்கும். படகு கடலுக்குப் போகும். துறையிடம் இல்லாதவர் எவ்வளவு பெரிய கடலோடியாயினும் கரையில் நின்று அலையை எண்ண வேண்டியதுதான். அவ்விடம் தந்தையிடமிருந்து மக்களுக்கு வரும். யார் யாருக்கு மகள், யாருக்கு எது உரியது என்பதையெல்லாம் மனிதர் எவரும் தீர்மானிப்பதில்லை, நெறியகம் தீர்மானித்தது. ஊரின் சட்டங்களைத் தன்னுள் நிரலாக வைத்திருந்து, கேட்ட கணத்தில் தீர்ப்புச் சொல்லும் பொறி அது. அதற்குக் கையூட்டுக் கொடுக்க முடியாது, சாதி தெரியாது, கோபம் வராது என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். மூன்றும் உண்மை. அதற்கு மனிதரையும் தெரியாது என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை.

தந்தை இறந்து பத்து மாதங்கள் கழிந்தபின் பிறந்த குழந்தை அவருடையதன்று என்பது நெறியகத்தின் சட்டங்களுள் ஒன்று. தனியே பார்த்தால் அதில் பிழையில்லை. ஆனால் 1970-இல் இறந்த அமிர்தகடேசனுக்கு 2071-இல் மகள் பிறந்திருந்தாள். ஆகவே நீலாவுக்குத் தந்தை இல்லை. தந்தையில்லாதவளுக்குத் துறையிடம் இல்லை. இப்படித் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு ஊர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. நாட்டார் அவர்களை மகவேற்பார், அதாவது தத்தெடுப்பார். அவர்களோடு அவர்கள் தந்தையின் துறையிடமும் நாட்டார் பெயருக்கு மாறும். பிறகு அவர் மனம் வைத்து, தம் பிள்ளை என்ற முறையில் அவர்களுக்கே அதைத் திருப்பிக் கொடுப்பார். மனம் வைக்காத சமயங்களும் உண்டு. கீழவாடித்துறையின் துறையிடங்களுள் பாதிக்கு மேற்பட்டவை இவ்வாறு வைரக்கண்ணுவின் பிள்ளைகளிடம் இருந்தன. அவரைத் தீயவர் என்று சொல்லிவிட முடியாது. தம் பிள்ளைகள் அனைவரின் திருமணத்துக்கும் போய் நின்றார். எல்லாருக்கும் அவரே எள் இறைத்தார். பொய்யொன்று வசதியாக அமைந்துவிட்டால் அதன்மேல் வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாக வாழ்கின்ற மனிதர், அவ்வளவே.

பொய் எங்கிருந்து வந்தது என்பது தையல்நாயகிக்குத் தெரியும். ஏனெனில் அவளே அவ்வூர் நெறியகத்தின் நிரலாளர்.

பெரும்பொறி எதற்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, எது முறை, எது முறையன்று என்று சொல்லும் பக்கம், அது நெறி. மற்றொன்று, பெயர்களையும் நாள்களையும் அடுக்கி வைத்திருக்கும் பக்கம், அது கிடங்கு. கிடங்கிலிருந்து எடுத்துக்கொடுக்கவும், திரும்ப வைக்கவும் ஆயத்தமாக விற்கப்படும் துணைநிரல் ஒன்று உண்டு. அதன் பெயர் கொணரி. கொணரி ஏவலாள். ஏவலாள் ஏவலாளாக இருந்தவரைக்கும் தொல்லையில்லை. கீழவாடித்துறையின் நெறியகத்தை அவசர அவசரமாக எழுதியவர்கள், எங்கோ சரக்குக் கிடங்குகளுக்காகச் செய்யப்பட்ட கொணரி ஒன்றை வாங்கி வந்து, சட்டங்களை அதன் மொழியிலேயே எழுதிவிட்டார்கள். சரக்குக்கு உள்வந்த நாள் ஒன்று, வெளியேறிய நாள் ஒன்று. மனிதனுக்கும் அவ்வாறே ஆயிற்று. சரக்கு கிடங்கில் இல்லையென்றால் அது வெளியேறியிருக்க வேண்டும். வெளியேறியிருந்தால் அதற்கு நாள் இருந்தே ஆகவேண்டும். நாள் வெறுமையாக இருந்தால், கணிப்பொறிகள் நாளை எண்ணத் தொடங்குவதற்குப் பழைய பொறியாளர்கள் குறித்துவைத்த முதல் நாளைக் கொணரி தானே இட்டு நிரப்பிவிடும். அந்த முதல் நாள்தான் 1970 சனவரி 1. ஓராண்டுக்காலம் துறைக்குத் திரும்பாத படகுக்காரரை நெறியகம் வெளியேறிய சரக்காகக் கணக்கெடுத்தது. மிளகாய் மூட்டைக்குச் செய்த ஏற்பாடு அமிர்தகடேசனைக் கொன்றது.

அவள் இதை மாவட்ட நெறியக மேலாளர் சடகோபனிடம் சொல்லாமல் இல்லை. பொங்கல் கழிந்ததும் நாகப்பட்டினத்துக்கே போய் மறுபடியும் சொன்னாள்.

"ஓடுதா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றார் சடகோபன். அவர் மேசைமேல் திரைகள் பல இருந்தன. எல்லாவற்றிலும் பச்சை விளக்கு எரிந்தது.

"ஓடுது சார்."

"ஓடுறதத் தொடாதீங்க. நான் இந்த நாற்காலியில உக்காந்ததுலேருந்து கடைப்பிடிக்கிற ஒரே கொள்கை."

"நீங்களே தொடப்போறீங்க சார். வர்ற ஆண்டு பழைய கிடங்க எடுத்துட்டுப் புதுக் கிடங்கு வைக்கணும்னு சுற்றறிக்கை அனுப்பியிருக்கீங்க."

"ஆமா. கிடங்குதானே? மாத்திட்டாப் போச்சு."

"எங்க ஊர்ல கிடங்க மாத்தினா சட்டம் பூரா செத்துப்போயிரும் சார். இதப் படிங்க. மகளுக்கும் துறையிடத்துல உரிமை உண்டுங்கிற சட்டம்."

சடகோபன் படித்தார். கொணரியைத் திற, ஐந்தாம் அடுக்கைப் பூட்டு, முதல் நிரலைக் கேள், வெறுமையாயின் முதல் நாள் இடு, மூன்றாம் அடுக்கோடு சேர், பூட்டை விடு, மறுபடியும் கேள். ஒரு பக்கம் முழுவதும் இவ்வாறே இருந்தது. விரலை வைத்துத் தேடிப்பார்த்துவிட்டு அவர் தலை நிமிர்ந்தார்.

"மகள் எங்கம்மா இதுல?"

"அதத்தான் சார் நானும் தேடுறேன்."

அவர் சிரிக்கவில்லை. திரைகளின் பச்சை விளக்குகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கிடங்கு மாறும் நாளில் ஊர்ச்சட்டங்கள் நின்றுபோனால் யார் பதில் சொல்வது என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. "சரி, பிரிச்சு எழுதுங்க" என்றார்.

தையல்நாயகி பிரித்தாள். ஒருபுறம் நெறி, மறுபுறம் கிடங்கும் கொணரியும், நடுவே குறுகிய வாயில் ஒன்று. நெறி தனக்கு வேண்டியதைத் தன் சொல்லால் வாயிலில் நின்று கேட்கும்: அமிர்தகடேசனைக் கொடு. அவர் எந்த அடுக்கில் இருக்கிறார், எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறார் என்பது கிடங்கின் பாடு. அதைப் போலவே, எதைப் பதிய வேண்டும் என்று நெறி சொல்லும். கிடங்கு வாய் திறவாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். கிடங்குக்குக் கருத்துச் சொல்லும் உரிமை இனி இல்லை. நாளை இந்தக் கிடங்கைத் தூக்கியெறிந்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் வாயிலுக்கு இப்பால் ஓர் எழுத்தும் மாற வேண்டியதில்லை.

குப்பையை அள்ளிய இடத்தில் தரை தெரிவதுபோல், கொணரியின் சொற்களை நீக்க நீக்கச் சட்டங்கள் தெரிந்தன. ஒரு பக்கச் சட்டம் ஒரு வாக்கியமாயிற்று. 'துறையிடத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒத்த உரிமை உண்டு.' எழுவாய், பயனிலை எல்லாம் உள்ள நல்ல தமிழ் வாக்கியம். எந்தப் பள்ளிப் பிள்ளையும் படித்துப் பொருள் கொள்ளலாம்.

மனிதனின் நிலை என்ன என்று சொல்லும் இடத்துக்கு வந்தபோது அவள், 'இருக்கிறார்' என்று ஒரு சொல் எழுதினாள். 'இறந்தார்' என்று மற்றொரு சொல் எழுதினாள். அங்கே கை நின்றது. முன்பெல்லாம், எந்த நாளில் போனார் என்று தெரியாதவர்களுக்கு அவ்வூரார் மகாளய அமாவாசையன்று எள் இறைப்பார்கள். தெரியாமையையும் ஒரு நிலையாக ஒப்புக்கொண்டு, அதற்கென நாட்காட்டியில் ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தவர்கள் அவர்கள். சரக்குக் கணக்கு எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. தையல்நாயகி மூன்றாவதாக ஒரு சொல் எழுதினாள்: 'அறியோம்.'

வெள்ளோட்டம் விட்ட அன்று நீலாவும் உடன் இருந்தாள். அவள் கடலணையில் படகு எந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்துகொண்டிருந்தாள். உள்ளங்கை எண்ணெயாய் இருந்ததால், பாவாடையில் துடைத்துவிட்டுப் பலகையில் வைத்தாள். நெறியகம் எழுதிற்று:

'நீலாயதாட்சி. அமிர்தகடேசனின் மகள். தந்தையின் நிலை: அறியோம். அவர் துறையிடத்தை மகள் காத்துவரலாம்.'

நீலா அதை மும்முறை படித்தாள்.

"காத்துவரலாம்னா, அப்பா வந்தா?"

"வந்தா அவரு எடம் அவருக்கு."

"சரி, அதுதான் ஞாயம். வச்சிருந்து குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மறுபடியும் பாவாடையில் துடைத்தாள். கையில் எண்ணெய் ஏதும் மிச்சமில்லை.

இனி ஒன்றே ஒன்று பாக்கி. புதிதாக எழுதப்படும் நெறி எதுவும் ஊர்ச்சபையில் படிக்கப்பட்டு, கைதூக்கலால் ஏற்கப்பட வேண்டும் என்பது விதி. பழைய நிரலைப் படித்தபோது சபை பாதித் தூக்கத்தில் கைதூக்கியது. ஐந்தாம் அடுக்கைப் பூட்டு என்று கேட்டால் யாருக்குத்தான் தூக்கம் வராது? இந்த முறை ஒவ்வொரு வரியும் எல்லாருக்கும் விளங்கும். தையல்நாயகிக்கு அதில் பெருமிதம் இருந்தது. விளங்கினால் ஏற்பார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். படித்தவர்கள் செய்யும் பிழைகளுள் இது மிகப் பழையது.

சபை கூடிற்று. வரிகள் படிக்கப்பட்டன. 'அறியோம்' என்ற இடத்தில், முன்வரிசையிலிருந்து காத்தாயி எழுந்து நின்றாள். காத்தாயியின் கணவரும் கடலில் போனவர்தாம். அவள் மீன்கூடை சுமந்து பிள்ளைகளை வளர்த்தவள்.

"ஏண்டி தையலு, அறியோம்னா என்னா?"

"தெரியாதுன்னு அர்த்தம் அத்தை."

"என்னா தெரியாது?"

"அவங்க இருக்காங்களா இல்லையான்னு."

"எனக்குத் தெரியும்டி. முப்பது வருசமாத் தெரியும். சனவரி ஒண்ணாந்தேதி போனாரு. அன்னிக்கிப் பட்டினி கெடப்பேன், கடல்ல எறங்குவேன், அழுவேன். மறுநாளு கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன். இப்ப நீ வந்து தெரியாதுங்குற. அப்ப நான் தெனம் அழுவணுமா?"

தையல்நாயகி தான் எழுதிய நெறியைப் புரட்டிப் பார்த்தாள். தினம் அழுவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அடுத்து எழுந்தவன் சிங்காரவேலு. நாட்டாரின் மகவேற்புப் பிள்ளைகளுள் மூத்தவன். "நாங்க நாட்டாரு பிள்ளைங்களா எடம் வாங்கியிருக்கோம். மறுபடியும் பழைய அப்பன் பேருக்கு மாத்தினா, அந்தாளு வந்தா எடத்த வுடணும்னு வருது."

"வந்தா வுடறதுல என்ன குத்தம்? பெத்த அப்பாதானே?" என்றாள் நீலா, பின்வரிசையிலிருந்து.

"வரமாட்டாருங்குறேன். வரமாட்டாருன்னு தெரியும்ல? அப்புறம் எதுக்கு அந்த வரி?"

"வரமாட்டாருன்னா அந்த வரியால உனக்கு என்ன நட்டம்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பே அவனைக் கெடுத்தது. "நாளைக்கு எவனாச்சும் நாந்தான் உன் அப்பன்னு வந்து நின்னா நீ வச்சுச் சோறு போடுவியா?" என்று கத்தினான். அவன் பக்கம் கைதட்டல் எழுந்தது.

நாட்டார் கைகாட்டி எல்லாரையும் அமர்த்தினார். அவர் குரலில் கோபமே இல்லை.

"தையலு நல்லாத்தான் எழுதியிருக்கு. என் ஆயுசுல ஊருச் சட்டத்த இப்பத்தான் காதால கேட்டு வெளங்கிக்கிட்டேன். அதுக்கு ஒரு கும்புடு. ஆனா பாருங்க, நமக்குன்னு ஒரு நாளு அமைஞ்சு போச்சு. மெஷினு தெரிஞ்சு போட்டுச்சோ தெரியாமப் போட்டுச்சோ, நாம அதுல எள்ளு எறைச்சிட்டோம். எறைச்ச எள்ள எடுக்க முடியுமா? அந்த ஒரு வரிய மட்டும் நம்ம வழக்கப்படி மாத்திருவோம். அப்புறம் இன்னொண்ணு. ஒரு வருசம் பாத்துட்டுத்தான் கணக்கு முடிக்குறதுன்னு இருக்கு. அதுவரைக்கும் எடம் சும்மா கெடக்குது. மூணு நாளு போதும். மூணு நாளைக்கு மேல கடல்ல தங்குற படகு நம்மகிட்ட ஏது?"

கைகள் உயர்ந்தன. உயராத கைகளுள் இரண்டு தையல்நாயகியுடையவை, இரண்டு நீலாவுடையவை. காத்தாயியின் கை எல்லாருக்கும் முன்னால் உயர்ந்திருந்தது.

சபை ஏற்றதை எழுத வேண்டியது நிரலாளரின் கடமை. மறுநாள் காலையில் தையல்நாயகி எழுதினாள்: 'கடலுக்குச் சென்று மூன்று நாள்களுக்குள் கரை திரும்பாதவர், 1970-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் இறந்தவர் ஆவார்.' வாக்கியத்தில் பிழையில்லை. சந்தி சரியாக இருந்தது. அதில் கொணரியின் சொல் ஒன்றுகூட இல்லை. கலப்பற்ற, தூய நெறி. முன்பு ஏவலாளின் பழக்கமாக இருந்தது, இப்போது எசமானின் ஆணையாயிற்று. வாயிலுக்கு அப்பால், புதிய கிடங்கில், நாள் தெரியாதவர்களை வைப்பதற்கென்றே செய்யப்பட்ட அடுக்கு வெறுமையாகக் கிடந்தது. கிடங்கு இப்போது எதையும் தாங்கும், தாங்காதது ஊர்தான்.

அவளுக்கு அன்று ஓர் ஆசை வராமல் இல்லை. வாயிலைச் சுற்றிப் போய்க் கிடங்குக்குள் கையை விட்டால், கணவர் பெயருக்கு நேரே இருக்கும் இறந்த நாளை அழித்துவிடலாம். ஒரே ஒரு பதிவு, யாருக்கும் தெரியாது, நீலாவுக்குத் துறைக்கதவு திறந்துவிடும். பழைய நாள்களில் இருந்த நிரலாளர்கள் வேண்டியவர்களுக்கு அவ்வாறு செய்ததுண்டு. அவள் செய்யவில்லை. அதற்கு மாறாக, கிடங்குக்கு வாயில் ஒன்றைத் தவிர வேறு வழி இல்லாதபடி எல்லா வழிகளையும் அடைத்து, அவற்றின் திறவுகோல்களை அழித்துவிட்டு வந்தாள். நீலாவிடம் சொன்னபோது, அவள் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்காமலே, "நீ இப்படித்தான் செய்வேன்னு தெரியும்" என்றாள். அது பாராட்டா, பழியா என்று தாய்க்கு விளங்கவில்லை.

அடுத்த சனவரி முதல் நாள் வந்தது. வழக்கம் சட்டமாகிவிட்டதால் திதி அந்த ஆண்டு திருவிழா ஆயிற்று. அணையில் குந்தி எள் இறைத்தால் போதாது, நடுக்கடலுக்கே போய் மலர் தூவ வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தானே ஓடும் படகு ஒன்றை வாழைக்கன்றும் தோரணமும் கட்டி அலங்கரித்தார்கள். முகப்பில் கும்பம் வைக்க இடம் போதவில்லை. அங்கே இருந்த இருப்பிடங்காட்டியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுக் கும்பத்தை அமர்த்தினார்கள். நாட்டார் பட்டு வேட்டியோடு தனியே ஏறி அமர்ந்தார். தம் பிள்ளைகளின் தந்தையர் அனைவருக்கும் ஒரே ஆளாக மலர் தூவினார். அவர் தூவிய மாலைகள் படகின் விசிறியில் சுற்றிக்கொண்டன. எந்திரம் முனகி நின்றது. பனிமூட்டம் இறங்கிற்று, வாடைக் காற்று படகைத் தெற்கே இழுத்துப் போயிற்று.

ஊர் தேடிற்று, காற்று அடங்கவில்லை. வைரக்கண்ணுவின் மனைவி அணையில் அமர்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காத்தாயி அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

மூன்று நாள்கள் கழிந்தன. நான்காம் நாள், கோடியக்கரைப் பக்கத்துப் படகொன்று, வாழைக்கன்றுக்கு அடியில் குளிரில் விறைத்துக் கிடந்த நாட்டாரைக் கண்டெடுத்தது. ஐந்தாம் நாள் அவர் பேருந்தில் வந்து இறங்கினார். மேளம் கொட்டி அழைத்து வந்தார்கள். மாலையைக் கழற்றாமலே அவர் துறைக்கதவில் உள்ளங்கையை வைத்தார்.

கதவு திறக்கவில்லை. 'வைரக்கண்ணு, 1970-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் இறந்தவர்' என்று எழுதிற்று.

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு சிங்காரவேலு தன் கதவில் கையை வைத்தான். இறந்தவருக்கு எப்படி மகன் பிறப்பான்? மகவேற்பது எப்படி? அவன் கதவும் திறக்கவில்லை. அடுத்தவன் வைத்தான், அடுத்தவன், அதற்கடுத்தவன். மேளம் நின்றது. கீழவாடித்துறையின் படகுகளுள் பாதிக்கு மேற்பட்டவை பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தன.

ஊர் முழுவதும் நெறியகத்தின் முன்னால் வந்து நின்றது.

"தையலு, நான் உசுரோட நிக்குறேன். பாரு!" என்றார் நாட்டார். குரல் கரகரத்தது, உதடு வெடித்திருந்தது.

"பாக்குறேன் நாட்டாரே. எனக்குத் தெரியுது. நெறி, நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லுது."

"அப்ப வரிய மாத்து."

"சபை கூடி ஏத்துக்கணும்."

"இப்பவே கூட்டுறேன்."

"சபையக் கூட்டுறது நாட்டாரு. நாட்டாரு எறந்துட்டாரு."

"வேற நாட்டாரப் போடுங்க!"

"நாட்டாரப் போட, மொத்தத் துறையிடத்துல பாதிக்கு மேல உள்ளவங்க கைதூக்கணும். பாதிக்கு மேல உங்க பிள்ளைங்க நாட்டாரே. அவங்க யாருக்கும் இப்ப எடம் இல்ல."

வைரக்கண்ணு வாயிற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, தணிந்த குரலில் சொன்னார்: "கிடங்குல கைய வுட்டு அந்தத் தேதிய அழிச்சுடும்மா. முன்னல்லாம் செய்வாங்களே. யாரு பாக்கப்போறா?"

"எம் பொண்ணுக்கே நான் கைய வுடல நாட்டாரே. இனிமே வுடவும் முடியாது. வழிய அடைச்சுத் தெறவுகோலையும் அழிச்சிட்டேன்."

அப்போது காத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏன் நாட்டாரே, இனிமே உங்களுக்கும் ஒண்ணாந்தேதிதானே எள்ளு?"

அவர் கழுத்து மாலையைக் கழற்றிப் படியில் வைத்தார்.

"இத்தன நாளும் உங்க பொஞ்சாதி அணையில உக்காந்து என்னா சொல்லிச்சு தெரியுமா? செத்துட்டாருன்னு ஒரு தடவ சொல்லல. இருக்காரா இல்லையான்னு தெரியலயே அக்கா, தெரியலயே அக்கான்னு அத மட்டுந்தான் சொல்லிச்சு. நான் எத்தன சமாதானம் சொன்னேன்! ஒரு தேதிய வச்சுக்கடி, மனசு அடங்கிப்போயிரும்னு சொன்னேன். என்னயக் கடிச்சுத் திங்குற மாதிரி பாத்துச்சு." காத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும் மொத மூணு நாளு அப்படித்தாண்டி தையலு பாத்திருப்பேன். மறந்துட்டேன். அந்த வார்த்தைய எங்கடி வச்சிருக்க?"

"எழுதி அழிச்ச எடத்துலதான் அத்தை."

அதை மறுபடியும் எழுத, எஞ்சியிருந்த ஒரே கை மாவட்டத்தினுடையது. தையல்நாயகி அன்றே சடகோபனுக்கு முறையிட்டாள். ஊர் முழுவதும் விடைக்காகக் காத்திருந்தது. படகுகள் பாசி பிடித்தன. நீலா, பூட்டிய கதவுகளின் முன் நின்ற நாட்டார் பிள்ளைகளுக்கு நடுவே, தந்தையின் பூட்டிய கதவின் முன் பழகிய முகத்தோடு நின்றாள். அங்கே நிற்பது அவளுக்குப் புதிதன்று.

விடை வந்தது. பழைய நெறியகத்தில் இத்தகைய முறையீடு வந்திருந்தால், கொணரியின் கோளாறு என்று குறித்துத் திருத்தம் செய்திருக்கலாம் என்றும், இப்போது நெறி தனியே பிரிக்கப்பட்டு, ஐயத்துக்கு இடமின்றித் தெளிந்த தமிழில் எழுதப்பட்டு, ஊரால் ஏற்கப்பட்டும் இருப்பதால் அதில் கோளாறு எதுவும் காணப்படவில்லை என்றும் சடகோபன் எழுதியிருந்தார். கீழவாடித்துறையின் நெறி அமைப்பு பாராட்டத்தக்கதாக இருப்பதால், ஏனைய ஊர்களின் நெறியகங்களுக்கும் அதையே மாதிரியாக வரி மாறாமல் அனுப்பிவிட்டதாகக் கடைசிப் பத்தியில் மகிழ்ச்சியோடு தெரிவித்திருந்தார்.

ஆகவே, இதைப் படித்துக்கொண்டிருப்பவரே, அந்த வரி உங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இன்னும் சபையில் படிக்கப்பட்டிராது. எழுந்து போங்கள். உங்கள் நெறியகத்தைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். பொறியின் மேலும், அதை எழுதியவர் மேலும் பழி போடாமல், அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் வாயால் உரக்கப் படியுங்கள். படித்துவிட்டு, உங்கள் கை உயரும் முன்பு அதை அழித்து, அவ்விடத்தில் 'அறியோம்' என்று எழுதுங்கள்.